பாக்கெட்டில் எங்கள் சேவல்

ஒரு வேலையாகக் கோம்பைக்குப் போன என் வீட்டுக்காரர், திரும்பி வரும்போது கையில் ஒரு சேவலோடு வந்தார். கோம்பை நாய்க்குப் பேர்போன ஊர், போகிறவர்கள் நாய்க்குட்டி வாங்கி வருவார்கள். இவர் சேவல் வாங்கினார். அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதோ, வந்த வாரமே அது நாயின் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பால்காரரை வாசலோடு நிறுத்தியது. கூரியர் கொண்டுவருகிறவர் பார்சலைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எறிந்துவிட்டுப் போகப் பழகினார். நான் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் ஸ்கூட்டர் நிற்கிற இடம் வரைக்கும் போவதற்கு, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடையை விரித்து முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பேன்.

அதைக் குழம்பு வைத்துவிடலாம் என்று ஒரு தீபாவளிக்கு முடிவெடுத்தோம். பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் கையில் கட்டோடு வந்தார். அடுத்த தீபாவளிக்கும் அதே முடிவை எடுத்தோம். அந்த முறை பேசாமல் கடைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்துவிட்டார்.

எங்கள் வீடு சுருளிப்பட்டியில், அருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். சேவலும் அதன் கோழிகளும் நாள் முழுக்கப் பந்தலுக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கறிக்கோழிப் பண்ணை. கூடப் பிறந்த அண்ணன் இல்லை. என் வீட்டுக்காரரை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதால் எனக்கு அண்ணன் ஆனவர். பண்ணை அவருடையது என்றாலும் கோழி அவருடையது இல்லை. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும். அண்ணன் கொட்டகையில் வைத்து வளர்த்துக் கொடுப்பார். ஆறேழு வாரத்தில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் கம்பிவலை, அதற்கு மேல் சாக்குப் படுதா. உள்ளே ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள். கடைசி வாரத்தில் போய்ப் பார்த்தால் தரையே கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனிக்கு ஒரு நாள் விளம்பரப் படம் எடுக்கும் ஆசை வந்தது. தங்கள் கோழிகள் மலையடிவாரத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக வளர்கின்றன என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம். மலைக்குப் பக்கத்தில் இருந்த பண்ணை அண்ணனுடையது. ஒரு சனிக்கிழமை காலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. திருத்துகிற வேலையில் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் ஒரு நல்ல காரணம்தான். எழுந்து வேலியோரம் போனேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

டைரக்டர் சென்னையில் இருந்து வந்த இளைஞர். அரைக்கால் சட்டையும் வெள்ளை ஷூவும் போட்டிருந்தார். கொட்டகைக்குள் போன வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று சொன்னார். உண்மையில் அவருக்குப் போதாமல் போனது காற்று. பிறகு, சில கோழிகளை வெளியே எடுத்து வந்து புல்லில் விடச் சொன்னார். அவை மேயட்டும், தான் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கூட வந்திருந்த கம்பெனி மேனேஜர் அதற்குச் சம்மதித்தார்.

அண்ணன் கூடையில் கோழிகளைக் கொண்டுவந்து புல்லில் இறக்கினார். அவை அதுவரை வெயிலைப் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் பார்த்தன. பிறகு எல்லாம் ஒரே முடிவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. டைரக்டர் கை தட்டினார். உதவிக்கு வந்தவர் சூ சூ என்றார். மேனேஜர் தீவனத்தை அழகாக வளைத்து வீசினார். எந்தக் கோழியின் அலகுக்கு நேரே விழுந்ததோ அது மட்டும் அதைத் தின்றது. மற்றவை வீசியவரைப் பார்த்தன. கடைசியில் ஒரே ஒரு கோழி எழுந்தது. கேமராக்காரர் பரபரப்பானார். அது தன் பெரிய நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி முடித்து வருகிறவர் மாதிரி நாலைந்து அடி நடந்து, டைரக்டரின் நிழலுக்கு வந்து, அவருடைய வெள்ளை ஷூவின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதை எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் வந்து தூக்கும்வரை ஒரே இடத்தில் நின்றபடி மற்றவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதுகள நடக்குறதுக்குன்னு வளக்குறதில்ல” என்றார் அண்ணன், மன்னிப்புக் கேட்கிற குரலில். “தீனியும் தண்ணியும் பக்கத்துலயே இருக்கும். எங்கிட்டுப் போகப்போகுதுக?”

அந்த நேரம் பார்த்து எங்கள் சேவல் கல்தூணின் மேல் ஏறி நின்று கூவியது. பின்னால் மலை. அதன் வால் வெயிலில் கருநீலமாக மின்னியது. டைரக்டர் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போலத் திரும்பினார்.

“சார், அதுதான் நம்ம கோழி” என்றார்.

அது நாட்டுச்சேவல், கம்பெனிக் கோழி வெள்ளையாக அல்லவா இருக்கும் என்று மேனேஜர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சாப்பிடுகிறவர்கள் தட்டில் இறகைத் தேடப் போவதில்லை என்று டைரக்டர் பதில் சொன்னார். மேனேஜருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வேலியோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார்கள். இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, சும்மா நிற்கிற கோழியைப் படம் எடுக்கப் போகிறார்கள், அதில் நமக்கென்ன குறைந்துவிடும் என்றார்.

படப்பிடிப்பு எங்கள் தோட்டத்துக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரருக்கும் வேடம் கிடைத்தது. அவர் தோட்டத்துக்கே பேண்ட் சட்டையில் போகிறவர். விவசாயி மாதிரி இல்லை என்று சொல்லி வேட்டியும் தலைப்பாகையும் கொடுத்தார்கள். தலைப்பாகை கட்ட அவருக்குத் தெரியவில்லை. கேமராக்காரர் போனில் பார்த்துக் கட்டிவிட்டார். எங்கள் கோழி ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் காதில் பாசமாக ஏதாவது சொல்லுங்கள், குரல் பதிவாகாது, உதடு அசைந்தால் போதும் என்றார்கள். கோழியிடம் என்ன பேசுவது என்று என் வீட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மோட்டாருக்குக் காலையில் இருந்து மும்முனைக் கரண்டு வரவில்லை என்கிற விஷயத்தை அதனிடம் சொன்னார். படத்தில் அந்த இடத்துக்குப் புல்லாங்குழல் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் கண் கலங்கியதாகக்கூடச் சொன்னார்கள்.

கடைசிக் காட்சியில் நூல்சேலை கட்டிய ஒரு பெண், கூடையில் கம்பு எடுத்துக்கொண்டு கோழிகளுக்குத் தூவியபடி, “எங்க கோழிகள் எங்க பிள்ளைங்க மாதிரி” என்று சொல்ல வேண்டும். மதுரையில் இருந்து வந்த பெண். பாவம், நல்ல பெண். சேவல் கிட்டே போகாதே என்று நான் முன்கூட்டியே சொன்னேன். குடையைக்கூட நீட்டினேன். டைரக்டர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்தப் பெண் “எங்க கோழிகள்” வரைக்கும் சொன்னாள். மீதியை ஓடிக்கொண்டே சொன்னாள். கூடை ஒரு பக்கம் பறந்தது. பந்தலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்ப்ரேயர் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேவல் வெளியே காவல் நின்றது. அன்றைய வேலை அதோடு முடிந்தது.

விளம்பரம் முதலில் எல்லாருடைய போனிலும் வந்தது. அதில் அந்தப் பெண் மெதுவாக, மிக மெதுவாக, கூந்தல் பறக்க ஓடுகிறாள். பின்னால் எங்கள் சேவல் இறக்கை விரித்து மிதந்து வருகிறது. அவள் போட்ட கூச்சலை எடுத்துவிட்டு யாரோ சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். ஆளும் கோழியும் ஓடிப்பிடித்து விளையாடுகிற மாதிரி இருந்தது. பிறகு கம்பம் பஸ் ஸ்டாண்டில் பெரிய போர்டு வைத்தார்கள். அப்புறம் கறி பாக்கெட்டிலேயே எங்கள் சேவல் வந்துவிட்டது. கடையில், குளிர்ப்பெட்டிக்குள், வரிசையாக எங்கள் சேவல். கீழே, “மலைக்காற்றில் மகிழ்ச்சியாகத் திரிந்தது. கூண்டே அறியாதது” என்று போட்டிருந்தது. அதே நேரம் வீட்டில் அது கூரியர்காரரைத் துரத்திக்கொண்டிருந்தது.

கூண்டே அறியாதது என்ற வரி எனக்கு உறுத்தியது. அண்ணனிடம் கேட்டேன்.

“கறிக்கோழிய யாரு தங்கச்சி கூண்டுல வளக்குறா?” என்றார். “கூண்டெல்லாம் முட்டைக்கோழிக்கு. இது எப்பவுமே கொட்டகையில, தரையிலதான். நம்ம கோழி மட்டுமில்ல, எல்லாக் கம்பெனிக் கோழியும் அப்படித்தான்.”

ஆக, அது பொய் இல்லை. என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, பரீட்சையில் நான் யானை எதையும் உள்ளே கொண்டுவரவில்லை டீச்சர் என்று சொன்னால் அதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்காக அவனுக்கு மார்க் போட மாட்டேன். பாக்கெட் வாங்குகிறவர்கள் போட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர், இனிமேல் இந்தக் கோழிதான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டதாகவும், சாப்பிடும்போது மனசு லேசாக இருப்பதாகவும் என்னிடமே சொன்னார். அது எங்கள் வீட்டுச் சேவல், பாக்கெட்டில் இருப்பது அது இல்லை என்றேன். எங்கள் வீட்டில் இருந்தா கோழி சப்ளை ஆகிறது என்று சந்தோஷப்பட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுருளி அருவிக்குக் குளிக்கப் போகிற வேன்கள் அண்ணனின் பண்ணை போர்டைப் பார்த்து நிற்கும். கொட்டகைக்குள் வெளியாட்களை விடக் கூடாது, நோய் வந்துவிடும் என்பது கம்பெனியின் உத்தரவு. வந்தவர்களை வெறுமனே அனுப்பவும் அண்ணனுக்கு மனசு வரவில்லை. அவர் விருந்தாளியை வாசலில் நிற்க வைத்துப் பேசி அறியாதவர். அதனால் எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். “அங்கன போங்க, படத்துல வந்த சேவல் அங்கனதான் இருக்கு” என்று அவர் சொல்வது எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்கும். அதுவும் பொய் இல்லை.

ஒரு முறை குமுளிக்கு மேலே இருந்து ஒரு மலையாளக் குடும்பம் வந்தது. அந்த அம்மா கல்தூணில் நின்ற சேவலைப் பார்த்ததும், “இதல்லே பரஸ்யத்திலெ கோழி?” என்று கேட்டார். விளம்பரத்தில் வந்த கோழி இதுதானே என்று அர்த்தம். அவர்கள் மொழியில் விளம்பரத்துக்குப் பரஸ்யம் என்று பெயர். ரகசியத்துக்கு நேர் எதிர்ச்சொல்லும் அதுதான். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தை எல்லாம் கூட்டி, பாக்கெட்டில் வருவது இது இல்லை, அதோ அந்தக் கொட்டகைக்குள் இருக்கிற வெள்ளைக் கோழி, அது இப்படித் திரிவதில்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, இல்லை, இப்படித்தான் திரிகிறது, நானே விளம்பரத்தில் பார்த்தேன் என்றார். அவருடைய கணவர் சேவலோடு செல்ஃபி எடுக்கப் போனார். சேவல் அவரை விட்டுவிட்டுக் காரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்த இன்னொரு சேவலோடு சண்டைக்குப் போனது. அந்தக் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர்கள் கோபப்படவில்லை. எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தேக்கடிப் பக்கம் பெரிய விடுதிகளுக்குக் கறி வாங்கிக் கொடுக்கிற ஒரு மேடம், வாங்குவதற்கு முன்னால் பண்ணையை நேரில் பார்க்க வேண்டும் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சேவலையும் கோழிகளையும் ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு அண்ணனின் பண்ணை வாசலில் இருக்கும் புல்லில் விட வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு விருப்பமில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதற்குள் அண்ணன் வந்து, கம்பெனிக்காரர்கள் தன் மேல் கோபப்பட்டுக் குஞ்சு கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று கவலையாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

கோழிகளைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. சேவலைப் பிடிக்க என் வீட்டுக்காரர் மழைக்கோட்டைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனார். கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டார். அது இறகை உதறிவிட்டுப் புது இடத்தை நோட்டம் பார்த்தது. தூண் இல்லை, பந்தல் இல்லை. அதற்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தூரத்தில் இருந்தே தெரிந்தது.

மேடம் வந்தார். வயதில் என்னைப் போல, அமைதியான ஆள். மேனேஜர் புல்லைக் காட்டினார், மலையைக் காட்டினார், கோழிகளைக் காட்டினார். கோழிகள் சுதந்திரத்தில் வளர்ந்தால் கறியில் ஒரு மென்மை வரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சேவல் அவருடைய பளபளப்பான ஷூவைப் பார்த்துவிட்டது. அதில் இன்னொரு சேவல் தெரிந்திருக்க வேண்டும்.

மேனேஜர் முதலில் கௌரவமாகத்தான் நகர்ந்தார். பிறகு ஓடினார். வேலி ஓரம் ஓடினார், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினார். எங்கும் ஒதுங்க இடமில்லை. அந்த வளாகத்தில் சாத்திக்கொள்ளக் கூடிய கதவு ஒன்றே ஒன்று, கொட்டகைக் கதவு. அதை யாருக்கும் திறக்கக் கூடாது என்று அண்ணனுக்கு உத்தரவு போட்டிருந்தவரே அதைத் திறந்து உள்ளே போனார். சாத்துவதற்குள் சேவலும் போய்விட்டது. அவரைக் காப்பாற்ற மேடமும், மேடத்தைக் காப்பாற்ற அண்ணனும், இவர்களை எல்லாம் பார்க்க நாங்களும் உள்ளே போனோம்.

அது கடைசி வாரம். கதவில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் வெள்ளை. கண் எரிந்தது. சேவல் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. கூவவில்லை, யாரையும் துரத்தவில்லை. அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான கோழிகள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தன. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டன. மேனேஜர் தீவன மூட்டைகளுக்கு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

மேடம் கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு, “இதெல்லாம் எப்ப வெளிய வரும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

“சாயங்காலம்” என்றார் மூட்டை மேல் இருந்த மேனேஜர்.

“லாரி வர்றப்ப” என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்தது தப்பு என்று உடனே தோன்றி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

மேடம் குனிந்து ஒரு கோழியைத் தூக்கினார். உட்கார்ந்தே இருந்ததால் அதன் நெஞ்சில் இறகு இல்லாமல் சிவந்திருந்தது. அவர் திட்டவில்லை. கோழி சாகுமா, வெக்கையில் என்ன செய்வீர்கள் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். சித்திரையில் மத்தியானம் கூரைக்குத் தண்ணீர் அடிப்பதையும், அப்படியும் சில கோழிகள் போய்விடுவதையும், அன்று தனக்குச் சோறு இறங்காது என்பதையும் சொன்னார். அந்தக் கடைசி விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். மேடம் கோழியை மெதுவாக இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்ததால் விளம்பர முகம் தெரிந்துவிட்டது.

“படத்துல வந்தது நீங்கதான? நீங்க என்ன வளக்குறீங்க?”

“திராட்சை மேடம்” என்றார் இவர்.

விஷயம் பெரிய சண்டையாகும் என்று நினைத்தோம். ஆகவில்லை. படத்தில் இருப்பது போல வளருங்கள், இல்லையென்றால் படத்தை எடுங்கள் என்று மேடம் கம்பெனிக்குச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். கம்பெனிக்குப் படத்தை எடுப்பது சுலபமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருந்த போர்டு போனது. பாக்கெட்டில் எங்கள் சேவலுக்குப் பதிலாக ஒரு பொம்மைக் கோழி வந்தது. சமையல்காரர் தொப்பி போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, கையில் வறுத்த கோழித் தட்டை ஏந்தி நிற்கிறது. தட்டில் இருப்பது யார் என்று அதற்குத் தெரியவில்லை போல. அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. மேடம் வாங்குவதாக இருந்தால் கொட்டகையில் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு அடுத்த முறை குஞ்சுகளைக் குறைத்து இறக்கினார்கள். இரண்டு மின்விசிறி மாட்டினார்கள். ஏறி உட்கார வைக்கோல் கட்டுகளையும் போட்டார்கள். குஞ்சுகள் வைக்கோல் மேல் ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக இருப்பதை அண்ணன் போனில் வீடியோ எடுத்து, நாங்கள் வேண்டாம் என்றாலும் அனுப்பிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் அதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தார். நானும் இரண்டொன்று பார்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் புது பாக்கெட் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் ஏதோ பொடி எழுத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, நீதான் படித்துச் சொல்ல வேண்டும் என்றார். நான் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தேன். “காற்றோட்டமான, அகலமான கொட்டகையில் வளர்க்கப்பட்டது.”

“இன்னொருக்கா படி” என்றார். படித்தேன்.

“கொட்டகைன்னே போட்ருக்காகளா?”

“ஆமாண்ணே.”

“அகலமானன்னா போட்ருக்காக?” கொஞ்சம் யோசித்தார். “அகலம் அம்புட்டு இல்லயே தங்கச்சி. நீளம்னு போட்ருக்கலாம்.”

அப்படிச் சொன்னாலும் முகம் மலர்ந்திருந்தது. பாக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி வேலியைத் தாண்டிப் போனார்.